கீழ்த்தொட்டி

வருகிறவர்கள் பார்ப்பது மேல்தொட்டியை.
இரண்டு ஆஸ்கர், ஒரு மரவேர், நீல விளக்கு.
அலமாரிக் கதவைத் திறந்து
கீழே என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.
பஞ்சு, பீங்கான் வளையம், மோட்டார்.
மேலே தின்றதன் மிச்சமெல்லாம்
இறங்கித் தெளிந்து ஏறிப்போகிற இடம்.

செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு
மூன்றாம் மாடி கர்கானிஸ் அம்மாள் மணியடித்தார்.
"உங்கள் வீட்டு மழை எங்கள் டிவிமேல் பெய்கிறது."
வெளியே செம்பூர் முழுக்க மழைதான்.
நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.
அவர் என் காலடியைக் காட்டினார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
முன்கண்ணாடியின் கீழ்விளிம்பிலிருந்து மேலே
ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது.
நகத்தால் எடுக்கப் பார்த்தேன்.
முடி இல்லை.

மோட்டாரை அணைத்தேன்.
மேல்தொட்டி நாலு விரல் வழிந்து
குழாய் வாயோடு நின்றது.
விரிசலின் நுனியில் மார்க்கரால் ஒரு கோடு, 11.50.
12.20க்குக் கோட்டைத் தாண்டியிருந்தது.
இன்னொரு கோடு.
கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைக்
குறிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜெபராஜ் அப்போது மொம்பாசாவுக்கு வெளியே
நங்கூரத்தில் எங்கேயோ.
படம் அனுப்பி நாற்பது நிமிடம் கழித்துப் பதில்:
"தொடாதே. நான் வந்து பார்க்கிறேன்."
வருவது நவம்பரில்.

தொட்டேன்.
குழாயை வாயால் உறிஞ்சினேன்,
மீன் குடித்துத் துப்பிய தண்ணீரை நானும் ஒரு மிடறு.
பன்னிரண்டு வாளி குளியலறைக்கு.
வளையங்களைக் காயவிடக் கூடாது,
அவற்றில்தான் கண்ணுக்குத் தெரியாத அத்தனை பேரும் குடியிருக்கிறார்கள்,
மாவு வாளியில் நனையவைத்துக் காற்று விட்டேன்.
ஆஸ்கர் இரண்டும் கண்ணாடியில் மூக்கை வைத்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பசிதான்.

காலித் தொட்டியைத் தூக்கினேன்.
தெர்மோகோல் அப்புறம் வாங்கலாம் என்றிருந்தான்
மார்ச்சில், நகர்த்திக் கழுவிய அன்று.
ப்ளைவுட்டில் ஒரு பள்ளம்.
பள்ளத்துக்குள் என் கம்மலின் திருகு.

மிளகில் பாதி இருக்கும்.

இதைத்தான் அந்த வாரம் முழுக்கத் தேடினேன்.
பிறகு மங்களாவிடம் கேட்டேன்.
கேட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.
"பெருக்கும்போது ஏதாவது பார்த்தாயா?"
வார்த்தைகள் அவ்வளவுதான், சத்தியமாக.
அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
முந்தானையை உதறிக் காட்டினாள்.
பர்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.
மான்கூர்ட் சீஸன் டிக்கெட், முப்பது ரூபாய்,
ஒரு மாத்திரை அட்டையில் மீதி இரண்டு மாத்திரை.
எல்லாவற்றையும் அவளேதான் திரும்பப் பொறுக்கினாள்.
நான் குனியவில்லை.
அரைமாதச் சம்பளம்
இன்னும் ஃபிரிட்ஜின்மேல் உறையில் இருக்கிறது.

புதன்கிழமை குர்லா கண்ணாடிக்கடையில் சொன்னார்கள்,
விரிசலை ஒட்ட முடியாது மேடம்,
உள்பக்கம் இன்னொரு கண்ணாடி வைத்துச் சுற்றிலும் பசை போடுங்கள்,
கோடு தெரியத்தான் செய்யும்,
மூன்று நாள் தண்ணீர் காட்டாதீர்கள்.

கறுப்பு சிலிக்கோன் வாங்கி வந்தேன்.
வீடெங்கும் வினிகர் வாடை.
ஊறுகாய் போடுகிறீர்களா என்று கர்கானிஸ் அம்மாள்
படியிலிருந்தே கேட்டார்.
கூரைக்குப் பெயின்ட் நான் அடித்துத் தருகிறேன் என்றேன்.
டிவியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

தெர்மோகோல் வெட்டிப் போட்டாயிற்று.
ப்ளைவுட்டை ஈரத்துணியால் துடைத்து,
பிறகு உள்ளங்கையால் தடவி,
பிறகு கன்னத்தை வைத்தும் பார்த்தாயிற்று.

பசை போடுவதற்கு முன்னால்
மங்களாவின் எண்ணை அழுத்தினேன்.
ஒரு மணி அடித்தது. வைத்துவிட்டேன்.
என்ன மொழியில் தொடங்குவது என்று யோசிக்கவில்லை.
மராத்தியில் அதற்கு எனக்கு வார்த்தை தெரியாது,
தமிழில் சொல்லிப் பழக்கமில்லை.

நாலாவது ஓரத்தை விரலால் இழுத்துக்கொண்டிருந்தபோது
தரையில் கிடந்த போன் அதிர்ந்தது.
மங்களா.
கை முழுக்கக் கறுப்புப் பசை.